செக் நாட்டு எலும்புக்குக் குரும்பலூரில் தீட்டு

சென்ற மாதம் செக் நாட்டில், மனித எலும்புகளால் அலங்கரிக்கப்பட்ட தேவாலயம் ஒன்றைப் பார்த்து வந்தேன். மண்டையோடுகளின் நடுவே நின்ற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது என் பிழை.

இன்று குரும்பலூரில் தம்பி பேத்தியின் நிச்சயதார்த்தம். வாசலிலேயே தம்பி மனைவி மறித்தாள்.

"அண்ணி, அங்கேருந்து வந்து தலைக்குக் குளிச்சீங்களா?"

"மூணு வாரமா தினமும்தான் குளிக்கிறேன்."

"நான் தீட்டுக் குளியலைக் கேக்குறேன்."

விவகாரம் புரோகிதரிடம் போயிற்று. அவர் சிரிக்காமல் கேட்டார்: "செத்தவங்க உங்களுக்குப் பங்காளிங்களா?"

"அவங்க செத்துப் பல நூறு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப தீட்டு இல்ல. உள்ள வாங்கம்மா."

தம்பி மனைவி நகரவில்லை. "எதுக்கும் ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடுங்க அண்ணி. புள்ளைக்கு நல்லது நடக்குற நேரம்."

பிள்ளையைச் சொன்னபின் என்னால் வாதாட முடியவில்லை. பட்டுப்புடவையைக் களைந்து, குளித்து, ஈரத்தலையுடன் வந்தபோது தட்டு மாற்றி முடித்துப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டு மாற்றும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் அரியலூரிலிருந்து பஸ் ஏறியிருந்தேன்.

அடுத்து பாரிஸ் நகரின் நிலத்தடி எலும்புச் சுரங்கத்துக்குப் போகிறேன். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் தேதியையும் குளியலறை எந்தப் பக்கம் என்பதையும் இந்தப் பதிவின் கீழே எழுதிவிடுங்கள். குளித்து முடித்தே வாசலுக்கு வருகிறேன்.