பெயர் சொல்லாமல் ஒரு ஜெபக் குறிப்பு

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். பீர்மேடு மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று மட்டும் கேட்காதீர்கள். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். எதற்கு இத்தனை ஜாக்கிரதை என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

என் வாய் சும்மா இருக்காது. அது ஊருக்கே தெரியும். "ஒனக்கு ஒரு விசயம் தெரிஞ்சாப் போதும், இந்த மலைக்கு வேற ரேடியோ வேண்டாம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்த ஜூனுக்குப் பிறகு அவர் அந்தக் கேலியை விட்டுவிட்டார்.

அப்போது எங்கள் தோட்டத்துக்கு ஒரு டிரைவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். மனைவி கொழுந்து எடுக்கப் போவார். ஒரே மகள், ஏழாம் வகுப்பு. முதலில் கொழுந்து ஏற்றும் டிராக்டரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் ஜீப்பை ஓட்டியவர் ரிட்டயர் ஆனதும் அந்த ஜீப்பை இவரிடம் கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர். அதில் இவர் மகளும் ஒன்று, முன்சீட்டில் உட்கார்ந்து வரும்.

ஜீப் கைக்கு வந்த திங்கட்கிழமையே அவர் மேனேஜரைப் பார்க்க வந்தார். "நீங்களும் கூட இருங்கக்கா. எனக்கு இத மலையாளத்துல சொல்ல வராது" என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் மேனேஜர் மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும், பேசினால்தான் பாதியில் மலையாளம் ஆகிவிடும்.

அவர் நின்றுகொண்டே சொன்னார். "சார், நான் பதினாறு வருசம் குடிச்சவன். ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சு, விட்டு ரெண்டு வருசமும் மூணு மாசமும் ஆச்சு. மாசம் ஒரு நா கோட்டயத்துக்குப் போயி டாக்டரப் பாக்கணும், அதுக்கு லீவு வேணும். பிள்ளைக வண்டின்னு ஆனப்பறம் இதச் சொல்லாம ஓட்டுறது முறையில்லன்னு தோணிச்சு."

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு அபேட்சை சார். பழைய எடத்துல எம்பிள்ளைக்குப் பேரே கெடையாது. குடிகாரன் மவளுன்னும் சொல்லுவாக, குடிகாரன் வீட்டுப் பிள்ளைன்னும் சொல்லுவாக. இங்க வந்துதான் பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்புடுதாக."

மேனேஜர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோட்டத்து மேனேஜர் ஒரு டிரைவர் கையைக் குலுக்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காகிதத்தை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, தானே பசை தடவி ஒட்டி, என்னிடம் நீட்டினார். "இது இந்த ரூமை விட்டு வெளியே போகண்டா, கேட்டோ" என்றார். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சாவியை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் சபைப் பெண்களின் வீட்டு ஜெபக் கூட்டம். அன்றைக்கு எங்கள் லயத்தில் நான்காவது வீடு. பாட்டு, வசனம் எல்லாம் முடிந்தபின் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். அவரவர் பாரத்தை அவரவர் சொல்ல, எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்போம். ஒருத்தி மகனுக்கு வேலை கேட்டாள். ஒருத்தி முட்டிவலி. அடுத்து, என்னோடு சின்ன வயதிலிருந்து பழகிய ஒருத்தி வாயைத் திறந்ததும் அழத் தொடங்கிவிட்டாள். புருஷன் குடி. சம்பளம் வீட்டுக்கு வருவதில்லை, நேற்று அடியும் விழுந்திருக்கிறது. "அந்த மனுசன் இனித் திருந்தவா போறாரு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு ஒரு நம்பிக்கை கொடுக்க வேண்டும்போல இருந்தது. சத்தியமாக அதுதான் காரணம். ஆனால் இவ்வளவு வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தால், யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் நாக்கு நுனியில் தித்தித்துக்கொண்டிருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

"ஏன்டி திருந்த மாட்டாரு?" என்றேன். "நம்ம தோட்டத்துலயே ஒருத்தரு பதினாறு வருசம் குடிச்சு, இப்ப விட்டு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. வண்டி ஓட்டி மானமாப் பிழைக்காரு. அவருக்குக் கெடச்ச விடுதலை நெலச்சு நிக்கணும்னு அதையும் ஒரு குறிப்பா வச்சுக்கிடுங்க."

பெயர் சொல்லவில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சமாதானம் அது. தோட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பன்னிரண்டு பெண்களும் அவருக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு நடக்கும்போது மனசு நிறைந்திருந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வெள்ளிக்கிழமை காலை, ஜீப் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனேன். ஒரு தாய் பிள்ளையை ஏற்றிவிட்டு, ஏதோ கேட்பதுபோல டிரைவர் பக்கம் தலையை நீட்டினாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, மூக்குதான் வேலை செய்தது. அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒருவர் மோந்து பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலம், மலைப்பாதை, ஏறியிருப்பது அவர்கள் பெற்ற பிள்ளைகள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தகப்பன் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். "டிரைவரே, எங்க, கொஞ்சம் ஊதுங்க பாப்போம்." சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. நானும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஊதினார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், முகத்தை மட்டும் திருப்பி, அந்த மனிதரின் முகத்துக்கு நேரே ஊதினார். பின்னால் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முன்சீட்டிலிருந்து அவர் மகள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. மழையில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தது. இரண்டு கிலோமீட்டர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் இறங்கி ஓடவும் முடியவில்லை. மகளைத் தாண்டித்தான் ஜீப் போயிற்று. அதன்பிறகு அந்தப் பிள்ளை ஒருநாளும் அந்த ஜீப்பில் ஏறவில்லை.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். "அக்கா, அந்தக் கவரு ஒட்டுனபடியேதான இருக்கு?" என்று கேட்டார். நான் அலமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அப்ப சார்தான் யார்ட்டயாவது சொல்லியிருப்பாரோ?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் உள்ளதையெல்லாம் பேசும் இந்த வாய் அன்றைக்குப் பார்த்துத் திறக்கவில்லை. "தெரியலயே தம்பி" என்றேன். பொய். அதுவும் ரகசியத்தைக் காத்த ஒரே மனிதர்மேல் பழியைப் போட்ட பொய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் அவரை விட விரும்பவில்லை. ஜீப் வேண்டாமென்றால் மறுபடி டிராக்டர் தருகிறேன் என்றார். அவர் கேட்கவில்லை. ஜூலை கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு கம்பம் பக்கம் போவதாகச் சொன்னார். பள்ளி திறந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் பிள்ளையின் டி.சி.யையும் வாங்கிவிட்டார்.

கடைசி நாள் கவரை வாங்கிக்கொள்ள வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "தம்பி, சார் சொல்லல. நான்தான் ஜெபக் கூட்டத்துல..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"தெரியும்க்கா" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கே தெரியும். ஆபீஸ் அக்கா சொல்லி ஒங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணுனோம்னு எங்க வீட்ல வந்து சொன்னாகளே. அதுக்கப்பறந்தான் ஒங்ககிட்ட வந்து கேட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஏன் தெரிந்தும் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. நானாகச் சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நான் அதையும் தவறவிட்டேன்.

"நான் குடிக்கலக்கா. இதுக்காகவெல்லாம் குடிக்க மாட்டேன்" என்றார். "பிள்ளைக்குத்தான் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும்." கவரைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் முகமில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் ஆனபின் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. மூணாறு பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் பேசினார். இன்ன டிரைவர் உங்களிடம் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறார், ஆள் எப்படி என்று கேட்டார். வண்டி நன்றாக ஓட்டுவார், ஒருநாளும் நேரம் தவறியதில்லை என்றேன்.

"குடி கிடி ஏதும் உண்டா?"

"எங்க தோட்டத்துல அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்ல சார்."

"அப்பறம் ஏன் விட்டுட்டுப் போனாரு?"

"தப்பு எங்க பக்கம்."

"என்ன தப்பு?"

என் தப்பைச் சொல்ல வேண்டுமானால் அவர் கதையைத்தான் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. அழுது தீர்த்துக்கொள்ளக்கூட எனக்கு வழி கிடையாது. "அது எங்க ஆபீஸ் விசயம் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் நாலு பேரிடம் பேச்சு வரும்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன். குறிப்பு கேட்கும்போது என் முட்டிவலியைச் சொல்வேன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பேன். எல்லோரும் கண்ணை மூடியபின் அந்தப் பெண்பிள்ளையின் பெயரை மனசுக்குள் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். இன்னாருடைய மகள் என்று எதையும் அதோடு சேர்ப்பதில்லை. கடவுளுக்கு அந்தப் பெயர் மட்டும் போதும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.