ஓட்டை இல்லாத பட்டன்கள்

எங்கள் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தாலே பாதி வியாதி பயந்து ஓடிவிடும் என்று டாக்டர் கிண்டல் செய்வார். செய்யட்டும். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் திரும்பி நடக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்குத்தான் முகம் மலரும்?

சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. அடுத்த அறையில் பிரஷர் பார்க்கிற அட்டை சிஸ்டரைப் பற்றி. மாதாமாதம் மாத்திரைக்கு வருகிறவர்கள் போன மாதத்துக் காலி அட்டைகளைக் கொண்டுவந்து அவளிடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து இருந்தால்தான் நான் மாத்திரையை எடுப்பேன். மேலிடத்து உத்தரவெல்லாம் கிடையாது, அவளாகப் போட்ட சட்டம். 'காலி அட்டை இல்லாமல் மாத்திரை இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தாள். ஒரு மாத்திரை மிச்சம் இருந்தால் போச்சு, அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார். முழுக்கக் காலியாக இருந்தாலோ அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல அப்படி ஒரு பூரிப்பு.

அதற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். அவருக்கும் பிரஷர். ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பிறகு அலமாரியை ஒழித்தபோது துணிகளுக்கு அடியில் பதினோரு அட்டைகள் இருந்தன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. தினமும் காலையில் இவள் "போட்டாச்சா?" என்று கேட்பாளாம், அவரும் "ஆச்சு, ஆச்சு" என்பாராம். "ஊருக்கெல்லாம் பிரஷர் பாத்தேன்க்கா, வீட்டுல கோட்டை விட்டுட்டேன்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த அலமாரி விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர்தான் அவளுடைய முதல் மார்க் மாணவர். இரண்டு வருஷமாக ஒரு மாதம் தவறாமல் காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவருவார். "இவரப் பாத்துக் கத்துக்கங்க" என்று வரிசையில் நிற்பவர்களிடம் காட்டுவாள். மனுஷன் கூச்சத்தில் நெளிவார். ஆனால் பிரஷர் மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் இரண்டு தடவை அளவைக் கூட்டிப் பார்த்தார். நூற்றெழுபதுக்குக் கீழே வருவேனா என்றது. போன மாதம் டெய்லருக்கு வலது கை பத்து நிமிஷம் மரத்துப்போய், கத்திரி கையிலிருந்து நழுவிவிட்டது. டாக்டர் அவரை உட்கார வைத்து, "இன்னொரு தடவை இப்படி வந்தா கை திரும்பி வரும்னு சொல்ல முடியாது, ஆளே மிஞ்சுவீங்களான்னும் சொல்ல முடியாது" என்று பட்டென்று சொல்லிவிட்டார். கை போனால் டெய்லர் எதைத் தைப்பார்? சிஸ்டருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளுடைய வெள்ளைக் கோட்டில் பட்டன் ஒன்று தெறித்துவிட்டது. ஜிப் மாற்றக் கொடுத்த என் கைப்பையும் டெய்லரிடம் கிடந்தது. இரண்டு பேருமாகப் போனோம். டெய்லர் மிஷினில் ஏதோ அவசரத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர், வாங்க மேடம். வெள்ளை பட்டனா? அந்த டப்பால இருக்கும் பாருங்க, பொருத்தமா ஒண்ணு எடுங்க" என்றார், தலையைத் தூக்காமலே.

அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள். சிஸ்டர் கையில் கிடைத்ததைத் திறந்து, உள்ளே விரலை விட்டாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்த பட்டன்ல ஓட்டையே இல்லக்கா" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். என் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரைகள் எனக்குத் தெரியாதா? டப்பா நிறைய, இரண்டு வருஷத்து மாத்திரைகள். மிஷின் நின்றுவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? நாங்க என்ன கூழாங்கல்லையா குடுத்தோம்?" என்று ஆரம்பித்துவிட்டேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்றுதான் நான் நினைத்தேன், டெய்லரும் நினைத்திருப்பார்.

"ஏண்ணே போடல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போட்டா மணிக்கு ஒருதரம் ஒண்ணுக்குப் போகணும் சிஸ்டர். இந்தத் தெருவுல எங்க இருக்கு? மார்க்கெட்டுக்குப் போய்வரவே அரை மணி. அளவு குடுக்க வந்த பொம்பளைங்க உக்காந்திருக்கும்போது நான் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடினா என்ன நினைப்பாங்க?"

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். "மொத மாசமே சொல்லத்தான் வந்தேன். ரெண்டு நாள் போட்டுட்டு விட்ட அட்டையக் கொண்டு வந்திருந்தேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் மிச்சம் காட்டினார். நீங்க அவரத் திட்டிட்டு, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடச்சீங்க. வீட்டுக்காரர் ஞாபகம் வந்திருக்கும்னு புரிஞ்சுது. எனக்கு மனசு வரல. வெளியே போய் எல்லாத்தையும் பிதுக்கிப் பையில போட்டுட்டு, வெறும் அட்டையக் காட்டினேன். நீங்க சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

நான் திட்டுவதை விட்டுவிட்டு டப்பாவை மூடினேன்.

"கை மரத்ததுல பயந்துட்டேன். நாளையிலேருந்து எல்லாத்தையும் ஒழுங்காப் போட்டுடணும்னு இருந்தேன்" என்றார்.

அதைக் கேட்டதும் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கூட்டிக் கூட்டி வைத்த அந்த அளவை, பழக்கமே இல்லாத உடம்பில் திடீரென்று இறக்கியிருந்தால் பிரஷர் அடியோடு விழுந்து, மிஷின் மேலேயே சாய்ந்திருப்பார்.

சிஸ்டர் கடையைப் பூட்டச் சொல்லி, டப்பாவோடு அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தத் தொந்தரவு தராத வேறு மாத்திரையை, குறைந்த அளவில் எழுதினார். அன்று சாயந்திரம் சிஸ்டர் ஸ்டூல் மேல் ஏறிச் சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சட்டத் தாளைக் கிழித்தாள். ஒரு முனை வரவே இல்லை, நகத்தால் சுரண்டினாள்.

"நான் இவங்கள மாத்திரை போட வைக்கலக்கா. பொய் சொல்ல வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் டெய்லர் வந்தார். ரப்பர் பேண்ட் இல்லை. அட்டைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"மூணு நாள் மறந்துட்டேன் சிஸ்டர்" என்று நீட்டினார்.

அவள் அந்தக் கடைசி அட்டையை வாங்கி, மிச்சமிருந்த மூன்று மாத்திரைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல அவர் ஒரு நாள் இப்படி எடுத்துக் காட்டியிருந்தா..." என்றவள் சீட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். "நல்லா இருங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். பிரஷர் பார்த்தாள். நூற்று நாற்பது.

வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மாள் மெல்லத் தன் பையைத் திறந்து, பாதி நிறைந்த அட்டை ஒன்றை வெளியே எடுத்தாள்.

டெய்லர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சிஸ்டரின் கோட்டில் ஒரு மாதமாக ஊக்குத்தான் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து நான்கு ஓட்டை வைத்த வெள்ளைப் பட்டனையும் ஊசி நூலையும் எடுத்தார். வலது கையால் நூலை ஊசியில் கோத்தார். முதல் தடவையிலேயே போய்விட்டது.