மண் போட்டுக் கழுவிய கேன்கள்

பெயின்ட் கரைக்கிற தின்னர் சாதாரண பிளாஸ்டிக் கேனுக்குள் அடங்கி இருக்காது. மூடி இறுக்கமாக இருந்தாலும், ஓட்டை ஒன்றும் இல்லாவிட்டாலும், சுவர் வழியாகவே வெளியே போகும். ஈரம் தெரியாது. மணம்தான் தெரியும். கொஞ்ச நாளில் கேனின் இடுப்பு ஒடுங்கும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதில்தான் ஊற்றி விற்றேன். சின்னக் கடைதானே என்று நினைத்தேன்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் வீதியில் என் கடை. தோணி திருத்துகிறவர்களுக்கு ரெசின், பெயின்ட், தின்னர். பீப்பாவில் வரும் தின்னரை ஐந்து லீற்றர் கேன்களில் பிரித்து அடுக்கி வைப்பேன். கட்டடம் ஒரு ஹாஜியாருடையது. வீதி முனையில் அவருக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. என் கடைக்குப் பக்கத்து அறையில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் குர்ஆன் ஓதுவார்கள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது.

ஒரு நாள் ஓதிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை மணம் தாங்காமல் சத்தி எடுத்தது. அடுத்த நாள் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ஹாஜியார் வந்தார்.

“தம்பி, புள்ளையள் இஞ்ச ஓத வாறதா, உன்ட தின்னர மோந்து பாக்க வாறதா?”

“பின் வளவுலதான் ஊத்துறன் ஹாஜியார். உள்ளுக்க ஊத்துறதில்ல.”

“எங்க ஊத்தினா எனக்கென்ன? மணக்குதா, இல்லையா?”

“மணக்குது.”

“அப்ப நோன்புக்கு முந்தி இதுக்கு ஒரு வழி பாரு. இல்லாட்டி வேற இடம் பாரு. கோவிக்காத.”

நோன்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சவூதியில் பதினொரு வருடம் உழைத்துப் போட்ட கடை. அந்த வீதியில் வேறு அறை இல்லை. இருந்தாலும் தின்னர்க் கடைக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். தகர டின்னில் அடைக்கச் சொன்னார்கள் சிலர். கடல் காற்றில் தகரம் அடியால் அரித்துவிடும். அதையும் பார்த்துவிட்டேன்.

சவூதியில் நான் வேலை செய்தது கேன் செய்யும் கம்பனியில். முடிந்த கேன்களை ஒரு இரும்பு அறைக்குள் அடுக்குவோம். கதவைப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு நைதரசனில் கொஞ்சமாகக் கலந்த புளோரின் வாயுவை விடுவார்கள். புளோரின் பொல்லாதது. அகப்பட்டதை எல்லாம் பிடிக்கும். அதனால்தான் அவ்வளவு காவல். கையுறையில் ஊசித் துளை இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

அது என்ன செய்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர்.

“பிளாஸ்டிக் மேல்தோல்ல ஹைட்ரஜன் உக்காந்திருக்குப்பா. இது போய் அதை எழுப்பி விட்டுட்டு சீட்டைப் புடிச்சிக்கும். அப்புறம் எறங்கவே எறங்காது.”

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இரசாயனம். அப்படி இடம் மாறிய தோல், தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லியது. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் தின்னர், பெற்றோல் போன்றவை அதைத் தாண்டி வருவது பெரிய பாடு.

கொழும்பில் அப்படியான கேன் இறக்குமதி செய்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பயிர் மருந்துக் கம்பனிகளுக்கு விற்கிறவர். இருபது கேன் லொறியில் அனுப்பினார். பத்துப் பத்தாக இரண்டு பொலித்தீன் உறை. கடையில் இடம் இல்லாததால் வீட்டில் இறக்கினேன்.

வீடு என் மனைவியின் சீதன வீடு. மாமியும் எங்களோடுதான். மாமியும் நானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் மகளிடம் சொல்வார். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொள்வேன். நானும் அப்படித்தான்.

அடுத்த நாள் விடிய ரெசின் எடுக்க மட்டக்களப்புக்குப் போனேன். கேன்களைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் வந்து பார்த்தால் பத்துக் கேன் கிணற்றடியில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. கழுவி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்தத் தோலை ஒன்றும் செய்யாது. நல்லது என்று நினைத்தேன்.

காய்ந்ததும் தின்னர் ஊற்றினேன்; கடையில் இருந்ததற்கு ஒன்பது கேன் போதும். பழைய கேன்களை எல்லாம் கடையை விட்டு அகற்றினேன். ஹாஜியாரிடம் போய், இனி மணக்காது என்று சொன்னேன். நான் அப்படி அடித்துச் சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

ஒரு கிழமை மணம் இல்லை. அடுத்த கிழமை லேசாக வந்தது. அதற்கடுத்த நாட்களில் நன்றாகவே வந்தது. ஹாஜியார் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“இதுதான் சவூதி வித்தையா தம்பி?”

கொழும்பு வியாபாரிக்கு ஃபோன் கோல் எடுத்தேன்.

“வாயு குடுக்காத சும்மா கேன என்னட்ட தள்ளிட்டீங்க.”

“அல்லாஹ்வே, அது வாயு குடுத்த கேன்தான் காக்கா. நீங்க உள்ளுக்கு என்ன செஞ்சீங்க?”

“என்னத்தச் செய்யிற? தின்னர் ஊத்தினன்.”

கோபத்தில் பாதியில் வைத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது மனதில் நின்றது. மிச்சம் இருந்த பத்தாவது கேனை வெளியே கொண்டுபோய் வெயிலுக்குப் பிடித்து உள்ளே பார்த்தேன். சுவர் முழுக்கக் கீறல். கவிழ்த்துத் தட்டினேன். உள்ளங்கையில் நாலைந்து மணல் விழுந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்ல முன்னமே குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது.

“ஓம் எண்டு சொல்லு புள்ள. நான்தான் கழுவின. எந்தெந்தக் கைபட்டு வந்த ஏனமோ, நஜீஸ், அசுத்தம் கிடக்குமோ எண்டு கடல் மண்ணும் தண்ணியும் போட்டு நல்லாக் குலுக்கி, மூணு தரம் அலசின. குத்தமா எண்டு கேளு.”

எங்கள் ஊரில் போத்தல், கேன் எல்லாம் அப்படித்தான் கழுவுவது. எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். மாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பத்துக் கேனையும் கை வலிக்க வலிக்கக் குலுக்கியிருக்கிறார். புளோரின் போட்ட தோல் மணலோடு போய்விட்டது.

நான் மனைவியிடம் விளக்கினேன். உள்ளே ஒரு தோல் இருந்தது, கண்ணுக்குத் தெரியாது, அதை மண் சுரண்டிவிட்டது என்று.

குசினியில் அகப்பை சட்டியில் தட்டியது. பிறகு,

“கண்ணுக்குத் தெரியாத தோல் இரிக்கி எண்டு எனக்கென்ன வானத்துல இருந்து வஹீயா வாற? வாயத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னா முத்தா உதிரும்? கேளு புள்ள உன்ட மாப்பிள்ளைட்ட.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். மாமி சொன்னதில் பிழை இல்லை. நான் குசினி வாசலுக்குப் போனேன்.

“சொல்லாதது என்ட பிழைதான் மாமி.”

மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மத்தப் பொதி கட்டிலுக்குக் கீழ இரிக்கி,” என்றார் மாமி, அடுப்பிடம். “இடுப்பு நாரி புடிச்சதால அத விட்டுட்டன்.”

உறை பிரிக்காமல் பத்துக் கேன். ஒன்றை எடுத்தேன். சவூதியில் பார்ப்பதுபோல, அதிலும் கழுவியதிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரித்தேன். கழுவியதில் தண்ணீர் துளித்துளியாகத் திரண்டு நின்றது. கழுவாததில் சுவரோடு படர்ந்து போனது; தோல் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மனம் ஆறியது. கொழும்புக்காரருக்குக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். “மண் போட்டா?” என்று ஐந்து தரம் கேட்டுச் சிரித்தார்.

ஹாஜியாரிடம் போனேன். நம்பச் சொல்லவில்லை. நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று கேன்: ஒன்று பழைய சாதாரண கேன், ஒன்று மண் போட்டுக் கழுவியது, ஒன்று உறையில் இருந்து எடுத்தது. மூன்றிலும் ஒரே அளவு தின்னர். மூடியின் மேல் ஹாஜியாரே டேப் சுற்றினார். தன் கடைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றின் நிறையையும் கேனிலேயே எழுதினார். வெறுஞ்சாக்கு வைக்கிற கொட்டிலில் அடுக்கிப் பூட்டி, திறப்பைத் தன் இடுப்பில் செருகினார்.

“முடிவு தெரியிற வரைக்கும் கடையில ஒண்டையும் மாத்தாத. நீ இந்தப் பக்கம் வரக் கூடாது.”

“வரமாட்டன்.”

நோன்புக்கு ஆறு நாள் இருக்கும்போது ஆள் அனுப்பினார். நான் போகும்போது மூன்று கேனும் தராசுக்குப் பக்கத்தில் இருந்தன. சாதாரண கேன் இடுப்பு ஒடுங்கிப் போயிருந்தது. நிறுத்தார். நிறை நன்றாகக் குறைந்திருந்தது. மண் போட்டது அதைவிடக் கொஞ்சம்தான் பரவாயில்லை. மூன்றாவதைத் தூக்கி வைத்தார். இறக்கி மறுபடி வைத்தார். எழுதிய நிறையில் இருந்து அசைந்தது என்று சொல்ல முடியாது. குனிந்து கேனின் சுவரோடு மூக்கை வைத்து நாலு பக்கமும் மோந்தார். சாமான் வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

“ஹாஜியார் மாம்பழமா வாங்குற?”

“போடா அங்கால.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சாமான் நல்லந்தான். எனக்கும் ஒரு நாலு எடுத்துத் தா. தேங்காயெண்ணெய் ஊத்தி வெக்க.”

அவரிடம் இல்லை என்று சொல்கிற நேரமா அது? ஆனால் சொன்னேன்.

“இது தின்னுற சாமானுக்கு வேணாம் ஹாஜியார். தின்னருக்கும் பயிர் மருந்துக்கும் மட்டுந்தான். அந்தத் தோல்ல இருந்து எண்ணெய்க்கு என்ன இறங்கும் எண்டு எனக்குத் தெரியா. கூடாது எண்டு இப்ப கதைக்கிறாங்க.”

“புதுக் கேன்தானே?”

“புதுசெண்டாலும் வேணாம்.”

ஹாஜியார் டேப்பைக் கிழித்துச் சுருட்டி எறிந்தார். அவருக்கு முகம் சரியில்லை. கேட்டதை ஒருவன் மறுப்பது அவருக்குப் பழக்கமில்லை. தராசைத் துடைத்தார்.

“வேணாமெண்டா விக்க மாட்டாய் போல.”

“மாட்டன்.”

“சரி. மண் போட்டதுகள எல்லாம் இண்டைக்கே வெளியால எடு. ஓதுற புள்ளையள்ட உம்மாமாருக்கு நான் சொல்லுறன். கடையில இரி.”

அன்றைக்கே எடுத்தேன். புதிய கேன்களில் தின்னரை மாற்ற அஸர் ஆகிவிட்டது. பக்கத்து அறையில் பிள்ளைகள் ஓதத் தொடங்கினார்கள். நான் கடைசி மூடியை இறுக்கிவிட்டு, கொழும்புக்காரரிடம் இன்னும் முப்பது கேன் அனுப்பச் சொன்னேன்.