செல்லப் பெயர் வைத்த சுரங்கம்

அந்தச் சொல்லை முதன்முதலில் என் தங்கையின் கலியாணப் பேச்சில்தான் கேட்டேன். 2011ஆம் ஆண்டு. மாப்பிள்ளை வீட்டார் லண்டன். நான் பாரிஸில், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அப்பா இல்லாதபடியால் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். தங்கைக்கும் அம்மாவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. எனக்கு அகதிப் பயணப் பத்திரம்தான். அதை வைத்துக்கொண்டு லண்டன் போக விசா வேண்டும். கலியாணத்தைப் பாரிஸில் வைப்போம் என்று கேட்டேன்.

மாப்பிள்ளையின் தமையன் தொலைபேசியில் சிரித்தார்.

"என்னண்ணை, இப்ப ரெண்டும் ஒரே ஊர்தானே. சன்னலாலை வந்தா ரெண்டு மணித்தியாலம்."

யன்னலைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். பிறகு தங்கைதான் விளக்கினாள். கடலுக்கடியில் ரயில் போகிற சுரங்கத்துக்கு ஆங்கிலத்தில் அப்படியொரு செல்லப் பெயராம். 'சனல்' என்கிற அந்தக் கடலின் பெயரையும் 'டனலை'யும் ஒட்டிச் செய்ததாம்.

விசா தரவில்லை. திரும்பி வரமாட்டேனாம். மனைவி பிள்ளைகளைப் பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனி வீட்டில் விட்டுவிட்டு நான் எங்கே ஓடப் போகிறேன்? நாளைத் தள்ளி வைக்கச் சொன்னேன். தமையன் முடியாது என்றார். தங்கை வாய் திறக்கவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

வழியனுப்ப கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போனேன். கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். லண்டன் ரயிலுக்கு மேல்தட்டுக்கு ஏற வேண்டும். அம்மாவால் பலகாரப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கப் போக, பயணிகள் மட்டும்தான் என்று காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் நான் கொத்துரொட்டி போட்ட வேகத்தில், தகடு உடையப் போகிறது என்று முதலாளி உள்ளே ஓடிவந்தார்.

லண்டனில் இருக்கிற மாமாதான் தாரை வார்த்தார். படம் அனுப்பினார்கள். பார்த்தவுடன் அழித்தேன்.

சில வருடங்களில் எனக்கும் குடியுரிமை கிடைத்தது. அந்தத் தமையன் பாரிஸ் பிள்ளையார் தேருக்கு வந்தவர், எங்கள் கடையில் சாப்பிட உட்கார்ந்தார். இப்போது பாஸ்போட் இருக்கிறதே, சன்னலால் ஒருக்கால் வரலாமே என்றார். அதே சிரிப்பு.

"தம்பி, என்ரை முன்னாலை அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ."

"சட்டம் நான் போட்டதில்லையே அண்ணை."

"சட்டத்திலை இல்லை. உங்கடை சிரிப்பிலைதான் எனக்குக் கோவம்."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து போனார். நான் மறிக்கவில்லை.

இப்போது லண்டன் போவதுண்டு. மனைவியும் பிள்ளைகளும் ரயிலில். நான் கலே துறைமுகத்தில் கப்பலேறுகிற பஸ்ஸாகப் பார்த்துப் போகிறேன். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பஸ் நிலையத்தில் காத்து நிற்கிற தங்கை, வயது போகப் போக உங்களுக்கு விசர் கூடுகிறது அண்ணா என்று திட்டுவாள்.

ஓம், விசர்தான் என்பேன்.