கதவில் எரிந்த சிவப்பு விளக்கு

வெர்லன் டாக்கெட் இருபத்தாறு வருஷமாக, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளில் துணைக் கோச்சாக இருக்கிறார். முன்வரிசைப் பையன்கள்தான் அவர் பொறுப்பு. பந்தைத் தொடாதவர்கள், பந்து வைத்திருப்பவனுக்காக எதிராளியை முட்டித் தள்ளுகிறவர்கள். ஜெயித்தால் அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது, தோற்றால் மட்டும் ஊரெல்லாம் தெரியும். வெர்லனும் அப்படித்தான்.

இந்த இருபத்தாறு வருஷத்தில் பதினோரு ஊர் மாறியாயிற்று. அதில் ஆறு தடவை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆறும் டிசம்பரில். ஒரு தடவைகூட அவர் வேலை சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை. தலைமைக் கோச்சை அனுப்பினால் அவரோடு இருந்த பத்துத் துணைக் கோச்சுகளும் கூடவே போகவேண்டியதுதான். புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பழைய ஆட்களில் ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொள்வார், சில பேர் அதுவும் செய்யமாட்டார்கள்.

வேலை போனது அவருக்கு எப்படியெல்லாமோ தெரிந்திருக்கிறது. ஒரு தடவை பெட்ரோல் போடும்போது ரேடியோவில் கேட்டார். ஒரு தடவை முடிவெட்டுகிறவர் சொன்னார். ஆனால் கேன்சஸில் நடந்ததை மட்டும் அவரால் மறக்கமுடியவில்லை. காலையில் அணிக் கட்டிடத்துக் கதவுப் பூட்டில் அடையாள அட்டையை வைத்தார். பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. ஏதோ கோளாறு என்று கண்ணாடியைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு காவலாளி வந்தான். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே அவர் மனைவியும் மகளும் இருக்கிற படம். அவன் கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தான்.

அதற்கப்புறம் ஆர்கன்சாவில் டோலிவர் என்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். அப்போது மகள் டெஸ்ஸாவுக்குப் பதினாலு வயசு. அதுவரை ஏழு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். சாமான் இறக்கின அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் பொரித்த கோழி சாப்பிட்டார்கள். அப்போது வெர்லன் சொன்னார், "இங்கதாம்மா நீ பள்ளிக்கூடம் முடிப்பே. இது அப்பா வாக்கு."

வாக்குக் கொடுக்கக்கூடிய வேலையில் தான் இல்லை என்று சொல்லும்போதே அவருக்குத் தெரியும். டெஸ்ஸா அதைப் பற்றி மறுபடி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இந்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம். மே மாதம் முடிந்துவிடும். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறவர்களில் முதல் நாற்காலி அவளுக்கு.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, சொந்த மைதானத்தில் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வெளியே வந்து போனைப் பார்த்தபோது, தலைமைக் கோச் ராய்ஸ் ஹென்லியை அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி இருந்தது. பத்துத் துணைக் கோச்சுகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, புது ஆள் வரும்வரை உங்கள் வேலையைப் பாருங்கள், மற்றதை அவர் முடிவு செய்வார் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த நாலு நாளும் ஊருக்கே வேறு வேலை இல்லை. புதுக் கோச்சைத் தேடிக் கல்லூரிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த விமானம் எங்கே போகிறது என்று எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், கண்ணை மூடவேண்டிய நேரத்தில், பின்பெஞ்சில் ஒருத்தர் "டல்சாவுல இறங்கிடுச்சு" என்று மெதுவாகச் சொன்னார். என்ன ஜெபித்துக்கொண்டிருந்தோம் என்பதே வெர்லனுக்கு மறந்துபோயிற்று.

பகலில் அவர் செய்த வேலை இன்னும் கொடுமை. அடுத்த வருஷம் இங்கே சேர்கிறேன் என்று சொல்லியிருந்த பள்ளிக்கூடப் பையன்களுக்குப் போன் போட்டு, மனசு மாறவேண்டாம் என்று சொல்லவேண்டும். ஒவ்வொருத்தனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். நீங்க அங்க இருப்பீங்களா கோச்? பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கல்லூரி இருக்கும் தம்பி" என்பார்.

வியாழக்கிழமை புது ஆள் வந்தார். கேரட் ஸ்ட்ரவுட், வயசு முப்பத்தெட்டு, ஓக்லஹோமாவில், அதே டல்சாவில் ஒரு கல்லூரியில் தலைமைக் கோச்சாக இருந்துவிட்டு வருகிறார். பத்துப் பேருக்கும் கை கொடுத்தார், நாளைக்குப் பேசலாம் என்றார், போய்விட்டார்.

அவர் போனதும் மார்லன் பிக்ஸ் பக்கத்தில் வந்து நின்றான். பின்வரிசைக்குக் கோச், வெர்லனோடு ஒரே அறையில் உட்காருகிறவன். "யோவ், உன் கையை எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தார்? எனக்கு மூணு எண்ணினேன்."

"எனக்கு ரெண்டுதான் இருக்கும்."

"அப்போ போச்சு. நீ சாமானைக் கட்டு" என்று சொல்லிச் சிரித்தான். வெர்லனும் சிரித்தார். ஆனால் வண்டியில் ஏறிய பிறகும் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் இருந்தது. புல்லெல்லாம் உறைபனி. எப்போதும்போல ஆறரைக்குக் கட்டிடத்துக்கு வந்து கதவில் அட்டையை வைத்தார்.

சிவப்பு.

அட்டையைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு. திருப்பி வைத்தார். சிவப்பு. கண்ணாடி வழியாக உள்ளே விளக்கு எரிவது தெரிந்தது. யாரோ காபி ஊற்றிக்கொண்டு சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. தட்டலாம் என்று கையைத் தூக்கினார். ஒரு சாண் அளவு திறந்த கதவு நினைவுக்கு வந்தது. தூக்கின கை தானாகவே இறங்கிவிட்டது.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். கேன்சஸில் பத்திரிகைக்காரர்கள் போன் போட்டே சாகடித்தார்கள். அதனால் முதல் வேலையாகப் போனை அணைத்தார். "கர்த்தரே, மே மாசம் வரைக்கும்தானே கேட்டேன்" என்றார். அதற்கு மேல் ஜெபமும் வரவில்லை.

வீட்டில் மனைவி டார்லா அவர் முகத்தைப் பார்த்தாள். கார் கொட்டகையின் பரணில் ஏணியைப் போட்டு ஏறி, மடித்து வைத்திருந்த அட்டைப் பெட்டிகளை இறக்கினாள். எந்த ஊரிலும் அவள் பெட்டிகளைத் தூக்கிப் போட்டதில்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் ஊர்ப்பெயர் எழுதி, அடித்து, அதற்குக் கீழே அடுத்த ஊரை எழுதியிருந்தது. ஒரு பெட்டியில் ஐந்து ஊர் இருந்தன. கடைசியாக டோலிவர்.

வெர்லன் பெட்டிக்கு அடியில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது செய்யாவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். பள்ளிக்கூடம் கிளம்பி மாடியிலிருந்து இறங்கி வந்த டெஸ்ஸா கடைசிப் படியில் நின்றுவிட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மார்க்கரை எடுத்தாள். டோலிவர் என்ற பெயரை அடித்தாள்.

"இதுக்குக் கீழ எந்த ஊர்னு எழுதறதுப்பா?"

அவர் ஒட்டின டேப்பையே மறுபடி அழுத்தித் தேய்த்தார். மார்க்கருக்கு மூடி போட்டு மேஜையில் வைத்துவிட்டு, கிளாரினெட் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஒன்பது மணிக்கு வாசற்கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். மார்லன்.

"உனக்கென்னய்யா கிறுக்கா? போனை எடுக்க மாட்டியா?"

"என் அட்டை..."

"எல்லார் அட்டையும்தான். ராத்திரியோட ராத்திரியா மொத்தத்தையும் மாத்திட்டாங்க. புதுசு வரவேற்புல மிஸ் ஒப்பல்கிட்ட இருக்கு. நாங்க எல்லாம் கண்ணாடியைத் தட்டித்தான் உள்ள போனோம். ஏழரைக்குக் கூட்டம். உன் நாற்காலி மட்டும் காலி. ஸ்ட்ரவுட் அதை ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்."

இத்தனை வருஷம் யார் யாரோ தள்ளி விழுந்த வெர்லன், இந்தத் தடவை தானாகவே போய் விழுந்துவிட்டாரே. காலணிக் கயிற்றைக் கட்டக்கூட முடியாமல் டார்லாதான் குனிந்து கட்டிவிட்டாள். வெளியே வந்தபோது மார்லனின் வண்டிப் பின்சீட்டில் ஒரு பெட்டி இருந்தது. மேலே அவன் காபிக் கோப்பை.

"நீ?"

"எட்டேகாலுக்கு என்னை அனுப்பிட்டார். நாலு நிமிஷம்" என்றான் மார்லன். "மூணு எண்ணினேன் பார், அதுல ஒண்ணும் இல்ல. போ, சீக்கிரம் போ."

வரவேற்பு மேஜையில் மிஸ் ஒப்பல் புது அட்டையை அவர் கையில் வைத்தாள். முப்பது வருஷமாக அந்த மேஜையில் இருக்கிறவள், ஏழு தலைமைக் கோச்சுகளைப் பார்த்தவள். "தட்டியிருந்தா நானே வந்து திறந்திருப்பேனே கண்ணு" என்றாள்.

ஸ்ட்ரவுட்டின் அறையில் மேஜையைத் தவிர ஒன்றும் இல்லை. ஏழரைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். வழியெல்லாம் வெர்லன் ஒரு பதிலைத் தயார் செய்திருந்தார். டயர் பஞ்சர். சுலபமான பொய், யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"அட்டை வேலை செய்யலைங்க. என்னை அனுப்பிட்டீங்கன்னு நினைச்சு வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டிட்டு இருந்தேன்."

ஸ்ட்ரவுட் சிரிக்கவில்லை. "கதவு விஷயத்தை முன்னாடியே சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றார். பிறகு சொன்னார், "உங்ககிட்ட ஒளிக்க விரும்பல. முன்வரிசைக்கு என்கிட்ட ஒரு ஆள் இருக்கார். நோயல் பெர்டியூ. ஒன்பது வருஷமா என்கூட. அந்த இடம் அவருக்குத்தான். ஆனா அவர் இன்னும் வர்றேன்னு சொல்லல. வீட்ல யோசிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்லுவார். அவர் வந்தா நீங்க போகணும். வரலைன்னா நீங்க இருங்க."

அந்த இரண்டு நாளும் பெட்டிகள் கூடத்தில் வாய் திறந்தபடியே கிடந்தன. யாரும் எதையும் உள்ளே வைக்கவில்லை, பெட்டிகளை எடுக்கவும் இல்லை. டெஸ்ஸா அவற்றைச் சுற்றி நடந்துபோனாள். வெர்லனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்கால் போட்டார். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. எனக்கு வேலை வேண்டும் என்று கேட்டால், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போகக்கூடாது என்று கேட்டதாகிவிடும். அதைக் கர்த்தரிடம் எப்படிக் கேட்பது? உம்முடைய சித்தம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. சித்தம் வேறு மாதிரி இருந்துவிட்டால்? வெறுமனே முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தார்.

வண்டியில் டார்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அந்த நோயலோட பொண்டாட்டி முடியாதுன்னு சொல்லணும்னு நான் வேண்டிக்கிட்டேன். பாவமா அது?"

"தெரியல டார்லா."

நாலு மணிக்குப் போன் வந்தது. ஸ்ட்ரவுட் இல்லை. தெரியாத எண்.

"கோச் டாக்கெட்டா? நான் நோயல் பெர்டியூ. ஸ்ட்ரவுட்கிட்ட இப்பதான் சொன்னேன். நான் வரல. உங்களுக்கு நானே சொல்லணும்னு தோணிச்சு. ரெண்டு நாளா நீங்க எப்படி இருந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

நன்றி சொல்வதா, வருத்தம் சொல்வதா? ஏன் என்று மட்டும் வெர்லன் கேட்டார்.

"பையனுக்குப் பள்ளிக்கூடம் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு. இந்த ஊர்லயே முடிக்கலாம்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நானே மறந்துட்டேன். என் வீட்டுக்காரி மறக்கல." நோயல் லேசாகச் சிரித்தார். "ஸ்ட்ரவுட் போனதால இங்கயும் புது ஆள் வரப்போறார். அடுத்த வாரம். அவர் என்னை வச்சுக்குவாரான்னு தெரியாது. இனிமே உங்களை மாதிரி நான்தான் காத்திருக்கணும்."

போனை வைத்துவிட்டு வெர்லன் கூடத்துக்குப் போய்ச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் டார்லா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டெஸ்ஸா பெட்டிகளின் அடியிலிருந்த டேப்பைக் கிழித்து, ஒவ்வொன்றாக மடித்தாள். அவள் அடித்திருந்த டோலிவருக்குக் கீழே மறுபடி டோலிவர் என்று எழுதினாள். பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று வெர்லன் கேட்டார். வேண்டாம், பரணிலேயே இருக்கட்டும் என்று அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஆறரைக்குக் கதவில் அட்டையை வைத்தார். பச்சை. மார்லனின் மேஜை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் அட்டையை வைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, ஓக்லஹோமாவில் இதே நேரத்துக்கு இன்னொரு கதவின் முன்னால் நிற்கிற நோயல் பெர்டியூவுக்காக ஜெபித்தார். இது என்ன கேட்பது என்று யோசிக்கவேண்டாத ஜெபம்.

ஜனவரி இரண்டாவது வாரம் நோயலை அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்ட அன்றே வெர்லன் போன் போட்டார். தன் மகளுக்கும் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருஷம் என்றார், மன்னித்துவிடுங்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார் நோயல். "நாங்க ஊரை விட்டுப் போகல. பையன் பள்ளிக்கூடம் போறான். காலையில நான்தான் கொண்டுபோய் விடறேன். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் கூட்டிட்டுப் போனதில்ல." அப்புறம், "உங்க பொண்ணுக்கு எப்போ முடியுது?" என்று கேட்டார்.

"மே இருபத்திரண்டு."

"என் பையனுக்கும் அந்த வாரம்தான்" என்றார் நோயல்.