அவர் திறந்துவிட்ட காற்று

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும், என் மூத்த பிள்ளை ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டான். அவசரக்குடுக்கை, அப்பனைப் போலவே. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம். கையில் வாங்கினால் கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தான். உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. தாங்காது என்று நினைத்து நர்சே நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். சாகக் கிடக்கிற குழந்தைக்கு அப்படிச் செய்வது வேதக்காரர்களான நம்மவர்களிடம் வழக்கம்தான். ஆனாலும் என் பிள்ளையை வழியனுப்ப இவளுக்கு என்ன அவசரம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில், பல்பு சூட்டில் அவனைப் படுக்கவைத்து, ரப்பர் குழாய் வழியாக ஆக்சிஜன் விட்டார்கள். மறுநாளே சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. அடுத்தது வர நாளாகும் என்றார் டாக்டர். அப்போதுதான் என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ரிப்பேர் பட்டறையில் அவர் கேஸ் வெல்டர். ஃபோர்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைக் கைவண்டியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு வந்தார். இரும்பு அறுக்கிற காற்றையா குழந்தைக்கு விடுவது என்று டாக்டர் தயங்கினார். வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டார்.

அதற்கப்புறம் வேலை நேரம் போக மனிதர் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. நர்ஸ் சிக்கனம் பார்த்து வால்வைக் குறைத்து வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் இவர் கூட்டிவிடுவார். அவள் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"கஞ்சத்தனம் பண்ணாத சிஸ்டர்" என்றார் இவர். "தீந்தா நான் இன்னொண்ணு எடுத்தாறேன். புள்ள நல்லா மூச்சு வுடட்டும்."

டாக்டரும் தடுக்கவில்லை. எவ்வளவு விட்டாலும் நல்லதுதான் என்று அன்றைக்கு எல்லாருமே நினைத்தார்கள். நீலம் போய்க் குழந்தை சிவந்தான், பால் குடித்தான், பிழைத்தான். "ஆண்டவரு குடுத்தது பாதி, நான் குடுத்தது பாதி" என்று காசிமேடு வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டார். நான் கேலி பண்ணினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

சில மாதம் போனது. குரல் கேட்டால் சிரிக்கிற பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விளக்கை எதிரே ஆட்டினால் கண் கூடவே வரவில்லை. ஒரு நாள் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு கண்ணிலும், பால் சொட்டு விழுந்த மாதிரி வெள்ளை. வெள்ளியில் கண் செய்து மாதா கோயிலில் காணிக்கை வைத்தோம். பிறகு பெரிய கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணுக்குள்ளே இருக்கிற திரை கழண்டு சுருண்டுபோச்சும்மா. இதுக்கு மருந்தும் இல்லே, ஆபரேஷனும் இல்லே" என்றார். பிறகு குழந்தை பிறந்த கதையைக் கேட்டார். இவர் சிலிண்டர் தள்ளிய கதையை ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இவர் நிறுத்தித் தொலைக்கமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"குறைமாசக் குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமானா கண் போயிடும்னு இப்பத்தான் வெளிநாட்டிலே கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார் டாக்டர். "அன்னிக்கு எங்க யாருக்கும் தெரியாது. உங்க மேலே தப்பு இல்லே."

"வுடாமலே இருந்திருந்தா கண்ணு தெரிஞ்சிருக்குமா சார்?" என்று கேட்டார் இவர்.

"விடாம இருந்திருந்தா குழந்தையே தங்கியிருக்காதுப்பா."

"அப்ப எவ்ளோ வுட்டிருந்தா ரெண்டும் தங்கியிருக்கும்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலை" என்றார்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்ததும் இவர் என்னைக் கேட்டார்.

"நீ சொல்லும்மே. நான் தொறந்து வுட்டது தப்பா?"

தெருவில் எவர் வாயையும் அடைக்கிறவள் நான். ஆனால் தப்பு என்று சொன்னால் மடியில் இருக்கிற பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதாகும். தப்பில்லை என்று சொல்லவும் மனசு ஒப்பவில்லை. அப்பாவின் குரல் கேட்டதும் குழந்தை அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். பிள்ளை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.