நாலு வருஷம் பகலில் எண்ணின இறால்

மாமாங்கேஸ்வரரை நம்பிக் கும்பிடுற உங்களிட்ட இதைச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் கடைசி. சண்டைக் காலம். நாலு வருஷமா நான் மட்டக்களப்பு வாவியில இறால் ஆராய்ச்சி செய்தன். ஒரு நாள் தோணி இறக்கத் தடை வந்திச்சு, ஆராய்ச்சியையும் நிப்பாட்டிப் போட்டாங்க. படிச்ச படிப்பெல்லாம் பாழாப் போச்செண்டு அழுதன். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடலாமெண்டா, ஒரு மாதமாவது படிப்பிச்ச கடிதம் வேணுமாம்.

கல்லடியில ஒரு பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை. சம்பளமில்லாமப் போனன். ஆண்டு ஒன்பது வகுப்பைத் தந்தாங்க. நான் படிப்பிச்ச லட்சணத்தைக் கேளுங்க. முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகை நிறைய எழுதுவன். விளங்கல்லையா எண்டு கத்துவன். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். பிள்ளைகள் வாயே திறக்கல்ல.

மூண்டாம் கிழமை அதிபர் கூப்பிட்டார். நல்ல மனிசன். "தங்கச்சி, பிள்ளைகள் உங்களைக் கண்டு நடுங்குதுகள். இப்படியெண்டா நான் எப்படிக் கடிதம் தாற?" எண்டார்.

அடுத்த நாள் விடிய அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனன். "அப்பனே, அதுகள் என்னோட ஒரு வார்த்தையாவது கதைக்க வேணும்" எண்டு கேட்டன். அழுகைதான் கூட வந்திச்சு.

அண்டைக்கே வகுப்பில பெருமையாச் சொன்னன், கல்லடிப் பக்கம் இறால் குறைவு, நாலு வருஷம் எண்ணினவள் நான் எண்டு.

வகுப்பே கொல்லெண்டு சிரிச்சிது. கடைசி வாங்கில இருந்த சுமதி எழும்பினாள். மீன்பிடிக்கிறவர்ர மகள்.

"டீச்சர், எத்தினை மணிக்கு எண்ணின நீங்க?"

"பத்து, பதினொரு மணிக்கு." சோதனைச் சாவடியில அதுக்கு முதல் விடமாட்டாங்க.

"அந்நேரம் இறால் சேத்துக்குள்ள படுத்திருக்கும் டீச்சர். அப்பா கருக்கலிலதான் வலை வீசுவார்."

புத்தகத்தில நானும் வாசிச்சதுதான். கணக்கெழுதேக்க மறந்தே போனன். முதலில கோபம் வந்திச்சு, பிறகு அடக்கேலாத சிரிப்பு. சுண்ணக்கட்டியை அவளின்ட கையில குடுத்தன். எந்த வலை, எந்த இடம் எண்டு வகுப்பே சண்டை போட்டுக் கதைச்சிது.

சத்தம் கேட்டு அதிபர் ஓடிவந்தார். கதவடியில நிண்டு கேட்டுப்போட்டு, "மாத முடிவில வந்து கடிதத்தை வாங்குங்க" எண்டார்.

அடுத்த வருஷம் வாகரையில நியமனம். தூரம்தான், சந்தோஷமாப் போனன். இண்டைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டுதான் பாடம் தொடங்குறன்.

நீங்களும் மாமாங்கேஸ்வரரிட்ட கேட்டுப் பாருங்க. கட்டாயம் தருவார். வெட்கப்படுத்தித் தந்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கொள்ளுங்க.